வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு சொல்

புதுச்சேரி நகரத்தின் வரைபடத்தில் வடக்குத் தெற்காக ஒரு கோடு ஓடுகிறது. ஊரார் அதைப் பெரிய வாய்க்கால் என்பார்கள். அதற்குக் கிழக்கே கடல்வரைக்கும் துமாஸ் வீதி, சுஃப்ரேன் வீதி, பிரான்சுவா மார்த்தேன் வீதி. மேற்கே ரங்கப்பிள்ளை வீதி, வைசியாள் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கிழக்குப் பாதிக்கு ‘வில் பிளான்ஷ்’ என்றும் மேற்குப் பாதிக்கு ‘வில் நுவார்’ என்றும் பெயர். முன்னது வெள்ளை, பின்னது கறுப்பு. இரட்டையாகப் பிறந்த இந்தப் பெயர்களில் கறுப்பு இன்று புழக்கத்திலேயே இல்லை. வெள்ளை மட்டும் ஆங்கிலத்துக்கு மாறி, ‘ஒயிட் டவுன்’ என்று தங்கும் விடுதிகளின் விளம்பரத்திலும் சுற்றுலாக் கையேட்டிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் உலவுகிறது. சுவரின் நிறத்தையோ தெருவின் தூய்மையையோ சொல்லும் பெயர் போல, யாரையும் சுட்டாத, தனக்கென ஒரு சாயமும் இல்லாத சொல்லாக அது நாவில் அமர்ந்துவிட்டது. அந்தச் சொல் சாயமற்றதல்ல. அதற்குள் ஒளிந்திருப்பது எது என்பதைத் தமிழ் இலக்கணமே வெளியே எடுத்து வைத்துவிடுகிறது. இக்கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஆங்கில ‘ஒயிட்’ ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அதன் வேருக்கு ஒளிர்தல் என்று பொருள். வடமொழியின் ‘சுவேதம்’ அதே வேரில் கிளைத்தது. பிரெஞ்சு ‘பிளான்’ வந்த வழி இன்னும் நீளமானது. இலத்தீனில் வெண்மைக்கு இரண்டு சொற்கள் இருந்தன: மங்கலான வெண்மைக்கு ‘ஆல்புஸ்’, பளிச்சிடும் வெண்மைக்கு ‘காந்திதுஸ்’. நாம் படம் ஒட்டிவைக்கும் ஆல்பம் முதற்சொல்லின் பிள்ளை; ரோமில் பதவி கேட்டு வந்தவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த ஆடை உடுத்தியதால் வேட்பாளருக்கு ஆங்கிலத்தில் வாய்த்த ‘கேண்டிடேட்’ இரண்டாவதன் பிள்ளை. இந்த இரண்டையும் பிரெஞ்சு மொழி கைவிட்டு, பிராங்குகள் என்ற ஜெர்மானியக் குடியினரின் ‘பிளாங்க்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. பளபளப்பது என்பதே அதன் முதற்பொருள். பிரான்சுக்குப் பெயர் கொடுத்தவர்களும் இந்தப் பிராங்குகள்தான். அவர்கள் பெயர் அரபி, பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்து ‘பரங்கி’ ஆயிற்று. பரங்கிமலையிலும் பரங்கிக்காயிலும் இருக்கும் பரங்கியும் ‘வில் பிளான்ஷ்’ஷில் இருக்கும் வெள்ளையும் ஒரே மக்கள் விட்டுச்சென்ற தடங்கள் என்பதை மொழியியல் படிக்காதவர்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல்லை ஆங்கிலம் கடன் வாங்கியபோது அங்கே ஏற்கனவே ‘ஒயிட்’ இருந்தது. ஆகவே ‘பிளாங்க்’ மெல்ல வேறு வேலைக்குப் போனது: எழுதாத தாள், நிரப்பாத படிவம், தொகை குறிக்காத காசோலை, உணர்ச்சி தெரியாத முகம். ஒளிமிகுதியைச் சொன்ன சொல் இல்லாமையைச் சொல்லத் தொடங்கியது இப்படித்தான். இன்னொரு வியப்பும் இங்கே உண்டு. கறுப்பைக் குறிக்கும் ‘பிளாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் எரிதல், சுடர்தல் என்ற பொருளுடைய வேரையே அறிஞர்கள் காட்டுகிறார்கள். சுடர்வது வெண்மை, எரிந்து முடிந்த கரி கறுமை. பழைய ஆங்கிலத்தில் வெளிறியதைக் குறித்த சொல்லும் கரியதைக் குறித்த சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியோடு இருந்து, பிற்காலத்தில் எது எதைச் சொல்கிறது என்று தடுமாறும் அளவுக்குக் கலந்துபோயின. பிரெஞ்சு ‘பிளான்’னும் ஆங்கில ‘பிளாக்’கும் எதிரெதிர் துருவங்களாகத் தோன்றினாலும், சொல்லளவில் ஒரே நெருப்பிலிருந்து பிரிந்தவை.

தமிழின் ‘வெள்’ளும் ஒளியில்தான் தொடங்குகிறது. கிழக்கு வெளுக்கிறது. வெள்ளி வானத்தில் ஒரு கோள், காலில் கொலுசு, வாரத்தில் ஒரு நாள். வெள்ளென எழு என்றால் விடியலிலேயே எழு என்று பொருள். துணியை வெளுக்கிறோம், தைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இந்த ஒளிக்குடும்பத்திலிருந்தே இல்லாமையைச் சொல்லும் கிளையும் வளர்ந்தது. எழுதப்படாத பனையோலைக்கு வெள்ளோலை என்று பெயர். ஓலை ஒருபோதும் வெண்ணிறமாக இருப்பதில்லை, பழுப்பு கலந்த மஞ்சளாகத்தான் இருக்கும். எழுத்தாணி கீறிய தடத்தில் கரி தடவியபின்தான் எழுத்து தெரியும். ஆகவே வெள்ளோலையில் உள்ள வெண்மை நிறத்தைக் குறிக்கவில்லை, எழுத்தின்மையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் ‘பிளாங்க்’ செய்த பயணத்தைத் தமிழ் அதன் துணையில்லாமல் தானாகவே செய்திருக்கிறது. திருக்குறளில் புல்லறிவாண்மை அதிகாரத்தின் 844ஆம் குறள் வெண்மை என்ற சொல்லை அறிவின்மை என்ற பொருளில் ஆள்கிறது. தன்னை அறிவுடையவன் என்று தானே எண்ணிக்கொள்ளும் செருக்குக்கு அங்கே அதுதான் பெயர். 503ஆம் குறளில் வெளிறு என்பது அறியாமை. கள்ளமறியாதவரை வெள்ளந்தி என்கிறோம். அச்சத்திலும் நோயிலும் முகம் வெளிறுகிறது. கணவனை இழந்தவளிடமிருந்து வண்ணத்தைப் பறித்து வெள்ளைப் புடவையைக் கொடுத்தது நம் சமூகம். வேடம் கலைந்தவனின் சாயம் வெளுத்துப்போகிறது. வெள்ளை மனம் என்பது பாராட்டுத்தான், ஆனால் அதுவும் சூதின்மைக்குக் கிடைக்கும் பாராட்டு. எழுதாதது, அறியாதது, வஞ்சமில்லாதது, பறிக்கப்பட்டது என்று எத்தனையோ பொருளில் தமிழ் வெண்மையை ஆண்டிருக்கிறது. ஆளப் பிறந்தது என்ற பொருளில் ஆண்டதில்லை.

மனிதத் தோலைப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்ப் பேச்சில் தோலின் படிநிலைகள் மூன்று: கறுப்பு, மாநிறம், சிவப்பு. ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்று சொல்லப்படும் பெண்ணைத் தமிழில் செவப்பா இருப்பாள் என்பார்கள்; வெள்ளையாக இருப்பாள் என்பது பிற்காலத்தில், விளம்பரங்களின் துணையோடு பரவிய வழக்கு. தோலில் தனியே தெரியும் வெண்மைக்குப் பழைய தமிழில் வெண்படை என்று நோயின் பெயர்தான் உண்டு. அதே சமயம் வெள்ளையன், வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள் என்ற பெயர்கள் கறுப்பன், கறுப்பசாமி, கறுப்பாயி என்ற பெயர்களோடு ஒரே ஊரில், பல சமயம் ஒரே வீட்டில், இணைந்தே இருந்தன. பிள்ளைகளைப் பிரித்தறிய இடப்பட்ட அடையாளங்கள் அவை. சிவகங்கைச் சீமையின் பெரிய மருதுவுக்கு வெள்ளை மருது என்றும் பெயர். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் ஆங்கிலேயர் அவரைத் தம்பி சின்ன மருதுவோடு தூக்கிலிட்டார்கள். பெயரில் வெள்ளையைச் சுமந்த மனிதர் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து உயிர்விட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக அன்று எந்தத் தமிழரும் நினைத்திருக்க மாட்டார். அவர் பெயரில் உள்ள வெள்ளையும் எதிரிக்கு வழங்கிய வெள்ளையும் வேறு வேறு சொற்கள் போலவே வாழ்ந்தன.

ஐரோப்பியர் முதன்முதலில் இக்கரையில் இறங்கியபோதும் தமிழ் அவர்களை நிறத்தால் மட்டும் பிரித்துவிடவில்லை. பரங்கி என்றும் ஒல்லாந்தர் என்றும் இங்கிலீசுக்காரர் என்றும் வந்த நாட்டைக் கொண்டு பெயரிட்டது. தொப்பிக்காரர் என்று தலையில் இருந்ததைக் கொண்டும், துரை என்று வகித்த பதவியைக் கொண்டும் பெயரிட்டது. கலப்பினத்தவர் சட்டைக்காரர் ஆனார்கள். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உலகத்திலும் மனிதர்கள் நாட்டாலும் கும்பெனியாலும் உத்தியோகத்தாலும் சாதியாலும் அறியப்பட்டார்கள். ஐரோப்பியர் அனைவரையும் அள்ளி ஒரே நிறத்துக்குள் போடும் வெள்ளைக்காரன் என்ற சொல் நாளடைவில் மற்ற எல்லாப் பெயர்களையும் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தது. அவர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொண்டு, அந்தப் பெயரால் நகரத்தையும் சட்டத்தையும் பிரித்ததே அதற்கு முதன்மையான காரணம் என்பது என் துணிபு.

இதற்குச் சென்னைதான் நல்ல சான்று. 1640இல் கால்கொண்ட புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டிய ஐரோப்பியர் குடியிருப்பை 17ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் ‘கிறிஸ்தவர் நகரம்’ என்று குறித்தன. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. போர்த்துக்கீசியக் கலப்பினத்தவரும் ஆர்மீனியரும் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். சமயத்தை வைத்துக் கோடு கிழித்தால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இடம் ‘ஒயிட் டவுன்’ ஆனது. உலகின் பல நகரங்களில் பின்னாளில் எழுந்த நிறக்கோட்டின் தொடக்கங்களில் ஒன்றாகச் சென்னையின் இந்தப் பெயர்மாற்றத்தை வரலாற்றாசிரியர் கார்ல் நைட்டிங்கேல் ஆராய்ந்திருக்கிறார். சமயத்தை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம், மொழியைக் கற்றுக்கொள்ளலாம், தோலை மாற்ற முடியாது. யாரும் தாண்ட முடியாத கோடு வேண்டும் என்றபோதுதான் நிறம் தேவைப்பட்டது.

புதுச்சேரியில் அந்தக் கோட்டைத் தாண்ட முயன்றவர்களின் கதை சென்னையைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பப் பெற்ற பிரெஞ்சியர் ஆளுநர் லோ தெ லொரிஸ்தோன் காலத்தில் பழைய கட்ட அமைப்பின்மீதே மறுபடி எழுப்பினார்கள். அந்த நகரத்தில் ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் நடுவே தோப்பாசுகள் என்ற ஒரு பிரிவினர் இருந்தார்கள். அந்தப் பெயர் துபாஷியிலிருந்து வந்ததா, தொப்பியிலிருந்து வந்ததா என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு. பிரெஞ்சியரும் அவர்களைத் தொப்பி அணிந்தோர் என்றே குறித்தார்கள். தோலில் கோடு மங்கும் இடத்தில் தொப்பி வந்து கோட்டைக் காத்தது என்றால், அது வெறும் தோல் நிறத்தைப் பற்றிய கோடு இல்லை என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டும். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ்வரை முறையிட்டு வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணை, தம் சமய வழிப்பட்ட உரிமையியல் முறையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கத் தமிழர்களுக்கு வழிவிட்டது. அவர்கள் ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தோர் எனப்பட்டார்கள். புதிய குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

கதவு முழுதாகத் திறக்கவில்லை. சட்டப்படி பிரெஞ்சியருக்கு நிகரானவர்கள் என்றால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் ஐரோப்பியரோடுதானே இருக்க வேண்டும்? 1884இல் பட்டியல் மூன்றாக்கப்பட்டது: ஐரோப்பியர் ஒன்று, துறந்தோர் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. பெயரை மாற்றி, சட்டத்தை மாற்றி, காலணியையும் மாற்றிய பிறகும் அவர்களுக்கெனத் தனிப் பட்டியல் போடப்பட்டது. பிரெஞ்சியர் ஆண்ட சைகோனுக்கு அரசுப் பணிக்குப் போன புதுச்சேரித் துறந்தோர், ஐரோப்பிய ஊழியருக்கு நிகரான ஊதியமும் சலுகையும் கேட்டு நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. வெள்ளை என்பது தோலின் விவரமாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆணைகளுக்கும் பட்டியல்களுக்கும் தேவையே இல்லை, கண்ணே போதும். அது ஓர் உரிமைத் தொகுதியின் பெயராக இருந்தது. அதனால்தான் அதைத் தாளில் காவல் காக்க நேர்ந்தது. அந்தத் தொகுதிக்கு ‘பிளான்’ என்ற பெயர் மிகவும் பொருந்திற்று. வண்ணம் என்பது மற்றவருக்கு உள்ளது, தமக்கு இல்லை என்று அது சொல்லாமல் சொன்னது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் ‘வண்ண மக்கள்’ என்ற தொடர் வெள்ளையர் அல்லாதவரையே குறித்தது. வெள்ளை தன்னை நிறமில்லாததாக, அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறமுள்ளவர்களாக அளந்தது. வெண்ணொளி எல்லா வண்ணங்களும் கூடியது என்று நியூட்டன் 1704இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில் நிறுவியிருந்தும், அரசியலில் அது இல்லாமை என்றே நடமாடியது.

இதை மறுப்பவர்கள் முதலில் சுவர்களைக் காட்டுவார்கள். கிழக்குப் பகுதி வீடுகள் சுண்ணச் சாந்து பூசிப் பளபளத்தன; கடலிலிருந்து பார்த்த மாலுமிக்கு அது வெள்ளை நகரமாகத் தெரிந்திருக்கும் என்பார்கள். இந்த விளக்கம் நிற்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாய்க்காலுக்கு மேற்கேயும் அடிக்கப்பட்டது. ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழ் முறை மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் வெண்சாந்துத் தூண்கள். அந்த வீடு நின்றது கறுப்பு என்று பெயரிடப்பட்ட பாதியில். கிழக்கு வீதிகளிலோ இன்று கண்ணைக் கவர்வது வெள்ளை விளிம்பிட்ட மஞ்சள் காவிச் சுவர்கள். சுவரைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் மேற்குப் பாதிக்குக் கறுப்பு என்ற பெயர் வந்திருக்க வழியே இல்லை. திண்ணையும் தாழ்வாரமும் வைத்துத் தெருவைப் பார்த்த தமிழ் வீடுகளில் எது கறுப்பு?

இரண்டாவது மறுப்பு கனமானது. கோடு கிழித்தது பிரெஞ்சியர் மட்டும்தானா? மேற்குப் பாதியின் வீதிப் பெயர்களே வைசியாள், கோமுட்டி, செட்டி என்று சாதியால் பிரிந்தவை. தலித் மக்களின் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டன. மாப்பிள்ளை தேடும்போது சிவப்பைக் கேட்கும் சமூகம் நிறவெறியை மற்றவர் தலையில் மட்டும் கட்டலாமா? கட்டக்கூடாது. ஒருவரின் பாகுபாடு இன்னொருவருக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, அதற்குச் சான்றாகிறது. சாதிப் பெயர் தாங்கிய வீதி தான் செய்ததை மறைக்கவில்லை; யாரை உள்ளே வைத்தது என்பதைப் பலகையிலேயே எழுதிவைத்தது. அந்தக் கொடுமையை நாம் பெயர் சொல்லி எதிர்க்க முடிகிறது. ‘கறுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோ செட்டியாரையும் காஜியார் வீதி முஸ்லிமையும் சம்பா கோயில் கிறிஸ்தவரையும் ஒரே கரியால் பூசி, பிறகு தானும் மறைந்துவிட்டது. ‘வெள்ளை’ என்ற சொல் தான் செய்ததை மறைத்துக்கொண்டு இன்னும் விலைபோகிறது.

மூன்றாவதாக, மரபைத் தொடக்கூடாது, பழம்பெயர் வரலாறு என்பார்கள். வரலாறு என்றால் இரண்டு பெயர்களும் வேண்டும். சென்னையில் ‘பிளாக் டவுன்’ என்ற பெயர் 1906இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் வருகையை ஒட்டி ஜார்ஜ் டவுன் ஆனது; அதன் இணையான வெள்ளைப் பெயரும் கோட்டைக்குள் வழக்கொழிந்தது. புதுச்சேரியில் ஒரு பாதி மட்டும் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பெயர் தாங்கிய இடம்கூட ஒருகாலும் பெயருக்கு ஏற்ப இருந்ததில்லை. மணக்குள விநாயகர் அந்தக் கிழக்குப் பாதியில்தான் குடிகொண்டிருக்கிறார், ஒர்லெயான் வீதியில். 1910இல் வந்து மேற்குப் பாதியில் சங்கர செட்டியார் வீட்டில் தங்கிய அரவிந்தர், 1913இல் பிரான்சுவா மார்த்தேன் வீதிக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கே குடிபோனார். 1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரெஞ்சியரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டமும் ஆயிற்று. அதன்பின் அந்த வீதிகளை வெள்ளை என்று அழைக்க எந்த அரசாணையின் கட்டாயமும் இல்லை.

இங்கேதான் தமிழ் நமக்குத் துணை வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஒயிட் டவுன்’ என்ற தொடர் வெள்ளையான நகரமா, வெள்ளையருடைய நகரமா என்பதைச் சொல்லாமல் தப்பிக்கிறது. பிரெஞ்சிலும் அப்படியே. தமிழில் அந்தத் தப்பித்தல் நடக்காது. எழுதுகிறவர் வெள்ளை நகரம் என்பதா, வெள்ளையர் நகரம் என்பதா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். சென்னையின் வரலாற்றைத் தமிழில் எழுதியவர்கள் தயங்காமல் வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்றே எழுதினார்கள். அர் என்ற அந்தச் சிறு விகுதி, மூன்று நூற்றாண்டுகளாகச் சுவருக்குள் ஒளிந்திருந்த மனிதர்களை வெளியே கூட்டிவந்து நிறுத்திவிடுகிறது. ‘ஒயிட் டவுன்’ என்று ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதும் பலகை அந்த விகுதியைத் தின்றுவிடுகிறது.

ஆகவே புதுச்சேரியில் பலகை எழுதுகிறவர்களிடமும், வழிகாட்டிகளிடமும், விடுதி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அன்றாடப் புழக்கத்துக்குப் பிரெஞ்சுப் பகுதி என்றே சொல்லுங்கள். வந்தவர் யார் என்பதை நேராகச் சொல்லும் பெயர் அது. பழைய பெயரை நினைவுச்சின்னமாக வைக்க விரும்பினால், பெரிய வாய்க்காலின் கிழக்குக் கரையில் வெள்ளையர் நகரம் என்றும் மேற்குக் கரையில் கறுப்பர் நகரம் என்றும் இரண்டு பலகைகளை எதிரெதிரே நட்டு, அந்தப் பெயர்கள் வழங்கிய ஆண்டுகளை அவற்றின் கீழே தமிழில் எழுதிவையுங்கள்.